உறுப்பு மாற்று பெற்ற குழந்தைகளின் இணையவழித் தொடர் பராமரிப்பு – வரலாறு

உறுப்பு மாற்று பெற்ற குழந்தைகளின் இணையவழித் தொடர் பராமரிப்பு என்பது, சிறுநீரகம், கல்லீரல், இதயம் போன்ற உறுப்பு மாற்றி வைக்கப்பட்டு வீடு திரும்பிய குழந்தையை மருத்துவமனையின் செவிலியர்களும் மருத்துவர்களும் தொலைபேசி, குறுஞ்செய்தி, காணொலி ஆகியவற்றின் வழியே கவனித்து வரும் முறையாகும். அறுவை சிகிச்சை ஒரு நாளில் முடிந்துவிடும். அதன்பின் வேளை தவறாத மருந்து, இரத்தப் பரிசோதனை, நோய்த்தொற்றுக்கு எதிரான எச்சரிக்கை என்று கவனிப்பு ஆயுள் முழுவதும் நீளும். இந்தக் கவனிப்பின் பெரும்பகுதி நடக்கும் இடம் குழந்தையின் வீடு. மருத்துவமனை எப்படி அந்த வீட்டுக்குள் எட்டிப்பார்க்கக் கற்றது என்பதே இதன் வரலாறு.

முதல் முயற்சிகள்

1952 டிசம்பரில் பாரிஸ் நகரின் நெக்கர் மருத்துவமனைக்கு 16 வயதுத் தச்சுத் தொழிலாளி ஒருவன் கொண்டுவரப்பட்டான். சாரத்திலிருந்து விழுந்ததில் அவனுடைய சிறுநீரகம் சிதைந்து, அதை அகற்ற நேர்ந்தது. பிறவியிலேயே அவனுக்கு இருந்தது ஒரே சிறுநீரகம் என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. தன் சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ளுமாறு அவன் தாய் மன்றாடினார். ழான் ஆம்பர்ஜே தலைமையிலான குழு கிறிஸ்துமஸ் காலத்தில் அதை மாற்றி வைத்தது. மூன்று வாரம் அது நன்றாகவே வேலை செய்தது. பிறகு உடல் அதை ஏற்க மறுத்தது. சிறுவன் இறந்தான். அந்நியப் பொருளை விரட்டும் உடலின் எதிர்ப்பாற்றலை அடக்க அன்று தக்க மருந்து இல்லை.

அந்த மருந்து 1960களின் தொடக்கத்தில் கிடைத்தது. அசத்தியோபிரினையும் பிரெட்னிசோனையும் சேர்த்துக் கொடுத்தால் மாற்றுச் சிறுநீரகம் நிலைப்பதை அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்ஸல் காட்டினார். கல்லீரல் மாற்றைத் தொடங்கியவரும் அவரே. 1963 மார்ச் முதல் நாள், பித்தநாளங்கள் அடைபட்ட 'பிலியரி அட்ரேசியா' நோயுடன் வந்த 3 வயதுச் சிறுவனுக்கு அவர் கல்லீரல் மாற்று செய்ய முயன்றார். இரத்தப்போக்கு நிற்காமல் சிறுவன் அறுவை மேசையிலேயே இறந்தான். 1967 ஜூலையில் 19 மாதப் பெண் குழந்தை ஒன்றுக்குச் செய்த மாற்று வெற்றி பெற்றது. அக்குழந்தை 13 மாதம் வாழ்ந்தது. பழைய புற்றுநோய் பரவியதால் இறந்தது.

உலகின் முதல் கல்லீரல் மாற்று முயற்சியும், ஓராண்டைக் கடந்த முதல் வெற்றிகளுள் ஒன்றும் குழந்தைகளுக்கே செய்யப்பட்டவை என்பது பலர் அறியாத செய்தி. பெரியவர்களுக்கான சிகிச்சை பின்னர் குழந்தைகளுக்கு வந்தது என்ற பொதுவான எண்ணம் இத்துறைக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

மாத்திரை நின்றுபோன வீடுகள்

பிழைத்த குழந்தைகள் வீட்டுக்குச் சென்றனர். சில ஆண்டுகளில் மருத்துவர்களுக்கு ஒரு புதிர் எழுந்தது. நன்றாக இயங்கிவந்த சிறுநீரகம் திடீரெனப் பழுதாகி, குழந்தை மீண்டும் இரத்தச் சுத்திகரிப்புக்கு வந்து நின்றது. அறுவையில் குறையில்லை, உறுப்பிலும் குறையில்லை.

இதற்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் லாஸ் ஏஞ்சலஸ் குழந்தைகள் மருத்துவமனையின் பார்பரா கோர்ஷ். இவர் அறுவை மருத்துவர் அல்லர். தாய்மார்களும் குழந்தை மருத்துவர்களும் பேசிக்கொள்வதை 800 சந்திப்புகளில் பதிவு செய்து, பேச்சு எங்கே அறுபடுகிறது என்று 1968இல் எழுதியவர். 1978இல் இவரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு, மாற்றுச் சிறுநீரகம் பெற்ற குழந்தைகளில் சிலர் மருந்தைத் தாமாகவே நிறுத்திவிட்டதைக் காட்டியது. அவர்களுள் பதின்வயதினரே மிகுதி.

காரணம் கண்ணாடியில் தெரிந்தது. பிரெட்னிசோன் முகத்தை உப்ப வைக்கும், உடம்பைப் பருக்கச் செய்யும், வளர்ச்சியைக் குறைக்கும். தன்னைவிட இளைய தங்கை தன்னை மிஞ்சி வளர்வதைப் பார்க்கும் 14 வயதுப் பெண்ணுக்கு, உயிர் காக்கும் அந்த மாத்திரைதான் எதிரியாகத் தோன்றியிருக்கும். இதைக் கீழ்ப்படியாமை என்ற ஒரு சொல்லில் அடக்கிய மருத்துவக் குறிப்புகள் அக்காலத்தில் ஏராளம்.

புதிய மருந்துகள், புதிய கணக்கு

நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து பெறப்பட்ட சைக்ளோஸ்போரினை 1978இல் கேம்பிரிட்ஜில் ராய் கேன் நோயாளிகளுக்கு முதன்முதலாகப் பயன்படுத்தினார். 1983இல் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது. கல்லீரல் மாற்று பரிசோதனை நிலையைக் கடந்து ஏற்கப்பட்ட சிகிச்சையானதாக அந்நாட்டின் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய மாநாடு அறிவித்ததும் அதே ஆண்டில்தான். ஆனால் தொடக்க கால சைக்ளோஸ்போரின் எண்ணெய் மணம் வீசும் திரவம். கண்ணாடிக் குவளையில் பாலோடு அல்லது பழச்சாற்றோடு கலந்து குடிக்க வேண்டும். உடலில் முடி அடர்ந்து வளரும், ஈறு தடிக்கும். ஒரு சங்கடம் போய் இன்னொன்று வந்தது.

ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணிலிருந்த நுண்ணுயிரியிலிருந்து 1984இல் கண்டறியப்பட்ட டாக்ரோலிமஸ், 1989இல் பிட்ஸ்பர்க் நகரில் ஸ்டார்ஸல் குழுவால் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று குழந்தைகளின் கல்லீரல், சிறுநீரக மாற்றுகளில் முதன்மையான மருந்து இதுவே. இம்மருந்தின் இயல்பை அறிந்தால்தான் இணையவழிப் பராமரிப்பு ஏன் பிறந்தது என்பது விளங்கும்.

டாக்ரோலிமஸ் பொதுவாக 12 மணி நேரத்துக்கு ஒரு முறை தரப்படுகிறது. இரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் உடல் உறுப்பை நிராகரிக்கும். கூடினால் சிறுநீரகம் கெடும், கை நடுங்கும், தொற்று எளிதில் ஒட்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள பாதை குறுகலானது. அந்தப் பாதையைக் குலைக்கக் கூடியவை அன்றாட வாழ்வில் நிறைய உண்டு. வயிற்றுப்போக்கு வந்தால் மருந்தின் அளவு இரத்தத்தில் குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அது ஏறிவிடுகிறது. எரித்ரோமைசின், புளூகோனசோல் போன்ற மருந்துகள் அளவை ஏற்றும். காசநோய்க்கான ரிபாம்பிசின் அதை வெகுவாக இறக்கும். ஊர் மருந்துக்கடையில் இருமலுக்கு வாங்கும் ஒரு மாத்திரைகூட மாதக்கணக்கான உழைப்பைக் குலைத்துவிடலாம்.

காலை வேளை மருந்தைக் கொடுக்கும் முன் இரத்தம் எடுக்க வேண்டும். மருந்து கொடுத்த பின் எடுத்தால் அளவு கூடுதலாகத் தெரியும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால் ஆபத்து. 'இன்று மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்?' என்று செவிலியர் ஒவ்வொரு முறையும் கேட்பது இதனால்தான்.

தொலைபேசியும் செவிலியரும்

1980களில் பிட்ஸ்பர்க் போன்ற ஒரு சில மையங்களுக்கே பல மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் குழந்தைகள் வந்தனர். சிகிச்சைக்குப் பின் குடும்பங்கள் சில காலம் மருத்துவமனைக்கு அருகில் தங்கிவிட்டு ஊர் திரும்பின. உள்ளூர் மருத்துவரோ அத்தகைய குழந்தையை அதுவரை கண்டதில்லை. மையத்துக்கும் வீட்டுக்கும் இடையே இருந்த ஒரே பாலம் தொலைபேசி. அதன் மறுமுனையில் பெரும்பாலும் இருந்தவர் 'மாற்று ஒருங்கிணைப்பாளர்' என்ற புதிய பொறுப்பேற்ற செவிலியர்.

வட அமெரிக்க ஒருங்கிணைப்பாளர்களின் சங்கம் 1979இல் உருவானது. உறுப்பு மாற்றுச் செவிலியர்களுக்கான பன்னாட்டுச் சங்கம் 1992இல் தொடங்கப்பட்டது. ஆயினும் உறுப்பு மாற்று வரலாற்று நூல்களில் இவர்களுக்கு ஒதுக்கப்படும் பக்கங்கள் மிகக் குறைவு.

இந்தத் தொலைபேசிப் பேச்சில் திறமை இருந்தது. காய்ச்சல் எத்தனை டிகிரி? மருந்து குடித்து எவ்வளவு நேரம் கழித்து வாந்தி எடுத்தான்? சிறுநீரின் நிறம் என்ன, மலம் வெளுத்திருக்கிறதா? வீட்டில் வேறு யாருக்கேனும் அம்மை போட்டிருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்ற விடை வந்தால் உடனே செயல்பட வேண்டும். எதிர்ப்பாற்றல் அடக்கப்பட்ட குழந்தைக்குச் சின்னம்மை உயிரைப் பறிக்கும் நோயாகலாம். உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகளை இக்குழந்தைகளுக்குப் பொதுவாகத் தவிர்ப்பார்கள் என்பதால், அவற்றை இயன்றவரை அறுவைக்கு முன்பே போட்டுவிட முயல்வது வழக்கம்.

அளவுகளைத் தொலைவிலிருந்து பெறும் முயற்சியும் மெல்லத் தொடங்கியது. நுரையீரல் மாற்று பெற்றவர்கள் வீட்டிலேயே கருவியில் ஊதி மூச்சின் அளவைப் பதிந்து, அதைத் தொலைபேசிக் கம்பி வழியே அனுப்பும் ஏற்பாடு 1990களில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடைமுறைக்கு வந்தது. அது பெரும்பாலும் பெரியவர்களுக்கானது. எனினும் பின்னால் வந்தவற்றுக்கு முன்னோடி.

சராசரி மறைத்த உண்மை

குழந்தை மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறதா என்று கேட்டால், கேட்கும் இடத்திலெல்லாம் 'ஆம்' என்றே விடை வரும். உண்மையை அறியும் வழியொன்றை நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையின் இயல் ஷெமஷ் முன்வைத்தார். அடுத்தடுத்து எடுத்த டாக்ரோலிமஸ் அளவுகளின் சராசரியைப் பார்ப்பதைவிட, அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும் என்றார்.

ஓர் எளிய கணக்கில் இதைக் காணலாம். ஒரு குழந்தையின் மூன்று அளவுகள் 6, 6, 7. இன்னொரு குழந்தையின் அளவுகள் 2, 12, 5. இரண்டுக்கும் கூட்டுத்தொகை 19. ஆகவே சராசரியும் ஒன்றே. ஆனால் இரண்டாவது குழந்தை சில நாள் மாத்திரையை விட்டுவிட்டு, பரிசோதனை நெருங்கும்போது சாப்பிடுகிறதோ என்ற ஐயம் எழ வேண்டும். தேர்வுக்கு முந்தைய இரவில் மட்டும் படிக்கும் மாணவனின் மதிப்பெண் பட்டியல் போன்றது இது. பள்ளிக் கணக்கில் வரும் திட்ட விலக்கம்தான் இங்கே நோய் அறியும் கருவியாகிறது. கல்லீரல் மாற்று பெற்ற 400 குழந்தைகளிடம் பல மையங்கள் சேர்ந்து நடத்தி 2017இல் வெளியான ஆய்வு, விலகல் மிகுந்தவர்களுக்குப் பின்னாளில் நிராகரிப்பு வரும் வாய்ப்பு கூடுதல் என்பதை உறுதி செய்தது.

இதே மவுண்ட் சினாயில் செய்யப்பட்டு 2009இல் வெளியான குறுஞ்செய்தி ஆய்வு இணையவழிப் பராமரிப்பின் வரலாற்றில் ஒரு மைல்கல். கல்லீரல் மாற்று பெற்ற 41 இளையோர் அதில் சேர்க்கப்பட்டனர். மருந்து வேளையில் கைபேசிக்கு ஒரு நினைவூட்டல் வரும். சாப்பிட்டதும் பதில் அனுப்ப வேண்டும். குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் பெற்றோருக்குச் செய்தி போகும். அதற்கு முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டபோது, மருந்தளவின் விலகல் 3.46இலிருந்து 1.37ஆகக் குறைந்திருந்தது. நிராகரிப்பு நிகழ்வுகள் 12இலிருந்து 2ஆகக் குறைந்தன. ஒப்பிடத் தனிக் குழு இல்லாத சிறிய ஆய்வு இது; எனவே முழுப் பெருமையையும் குறுஞ்செய்திக்கே கொடுத்துவிட முடியாது. ஆனால் பெரிய கருவி எதுவும் வேண்டாம், பிள்ளைகள் கையில் ஏற்கெனவே இருக்கும் கைபேசி போதும் என்பது அதன்பின் மறுக்க முடியாததாயிற்று.

பதினெட்டில் மாறும் மருத்துவமனை

குழந்தைப் பிரிவிலிருந்து பெரியவர் பிரிவுக்கு மாறும் காலம்தான் மிக ஆபத்தானது. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஆலன் வாட்சன் 2000இல் வெளியிட்ட கட்டுரையில், அவ்வாறு மாற்றப்பட்ட 20 இளைஞர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் மூன்று ஆண்டுகளுக்குள் மாற்றுச் சிறுநீரகத்தை இழந்திருந்தனர். அவர்களை வளர்த்துவிட்ட குழந்தைப் பிரிவுக்கு அது எதிர்பாராத செய்தி. குழந்தைப் பிரிவில் செவிலியர் பெயர் சொல்லி அழைப்பார். வராவிட்டால் வீட்டுக்குத் தொலைபேசி செய்வார். பெரியவர் பிரிவில் வராதவனின் கோப்பு அடுத்த தேதிக்காகக் காத்திருக்கும்.

ஆக்ஸ்ஃபோர்டில் பால் ஹார்டன் குழுவினர் இரு பிரிவு மருத்துவர்களும் சேர்ந்து நடத்தும் இளையோர் மருத்துவ முகாமைத் தொடங்கி, இளையோர் நலப் பணியாளர் ஒருவரையும் அமர்த்தினர். பின்னர் முகாமை மருத்துவமனைக்கு வெளியே கல்லூரி, விளையாட்டு மையம் போன்ற இடங்களுக்கே கொண்டுபோனார்கள். 2012இல் வெளியான அவர்கள் கணக்குப்படி, பழைய முறையில் நேரடியாக மாற்றப்பட்ட 9 பேரில் 6 பேர் உறுப்பை இழந்தனர். புதிய ஏற்பாட்டில் வந்த 12 பேரில் ஒருவரும் இழக்கவில்லை. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் பயன்படுத்திய மருந்தில் புதுமை ஏதுமில்லை. இளைஞனிடம் தனியாக, அவன் இடத்தில், அவன் மொழியில் பேசியதே மாற்றம்.

இந்தியாவில்

இந்தியாவில் சிறுநீரக மாற்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் வெற்றி பெற்றது. உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இல் வந்தது. 1998 நவம்பரில் புது தில்லி அப்போலோ மருத்துவமனையில், பிலியரி அட்ரேசியா நோயுடன் பிறந்த 20 மாதக் குழந்தைக்கு, தந்தை தந்த கல்லீரலின் ஒரு பகுதி பொருத்தப்பட்டது. நாட்டில் குழந்தைக்குச் செய்து வெற்றி பெற்ற முதல் கல்லீரல் மாற்று இதுவே. அக்குழந்தையின் ஊர் காஞ்சிபுரம். அவர் பின்னாளில் மருத்துவம் படித்து மருத்துவரானார்.

காஞ்சிபுரத்துக்கும் தில்லிக்கும் இடையிலான தொலைவு 2000 கிலோமீட்டருக்கும் மேல். உறுப்பு மாற்று மையங்கள் பெருநகரங்களில் குவிந்திருக்கும் நாட்டில், தொடர் பராமரிப்பின் சிக்கலை இந்தத் தொலைவே சொல்லிவிடுகிறது. மயிலாடுதுறைப் பகுதியில் பிறந்தவரும், 1997இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் பிறந்து 5 நாளே ஆன குழந்தைக்குக் கல்லீரல் மாற்று செய்தவருமான முகமது ரேலா போன்றோர் சென்னைக்கு வந்த பிறகு தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குத் தொலைவு குறைந்தது. ஆயினும் கிராமத்துத் தாய்க்குச் சென்னைப் பயணம் என்பது இன்றும் ஒரு நாள் கூலியும், மற்ற பிள்ளைகளை யாரிடமாவது விட்டுச் செல்லும் கவலையும்தான்.

தொலைமருத்துவம் இங்கே புதிதன்று. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திர மாநிலச் சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்தில் 2000 மார்ச்சில் அப்போலோவின் தொலைமருத்துவ மையத்தை அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் தொடங்கி வைத்தார். எனினும் சட்டத் தெளிவு இல்லாததால் மருத்துவர்கள் பலர் தயங்கினர். 2020 மார்ச் 25, கொரோனா ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், மத்திய அரசின் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் வெளியாயின. எழுத்து, குரல், காணொலி ஆகிய மூன்று வழியிலும் ஆலோசனை வழங்கலாம் என்றும், நேரில் பார்த்து 6 மாதத்துக்குள் அதே நோய்க்காக அதே மருத்துவரை அணுகினால் அது தொடர் ஆலோசனை என்றும் அவை வரையறுத்தன. பேருந்தும் தொடர்வண்டியும் நின்றுபோன அந்த மாதங்களில், எதிர்ப்பாற்றல் அடக்கப்பட்ட குழந்தையைக் கூட்டத்துக்குள் கொண்டுவராமல் பார்க்க இது வழி திறந்தது. செவிலியரை இந்நெறிமுறைகள் ஆலோசனைக்கு உதவும் நலப் பணியாளராகவே கருதுகின்றன. மருந்தளவை மாற்றும் முடிவு மருத்துவருடையது.

திரைக்கு எட்டாதவை

காணொலியில் குழந்தையின் கண் மஞ்சளடித்திருப்பதை ஓரளவு பார்க்கலாம். விளக்கொளி மஞ்சளாக இருந்தால் அதுவும் ஏமாற்றும். வயிற்றைத் தொட்டு வீக்கம் அறிய முடியாது. கல்லீரல் நிராகரிப்பு தொடக்கத்தில் அறிகுறியே இல்லாமல், இரத்தப் பரிசோதனையில் மட்டும் தெரிவது உண்டு. எனவே திரை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இரத்தம் எடுத்தே ஆக வேண்டும். விரல் நுனியில் குத்தி எடுத்த துளி இரத்தத்தைத் தாளில் உலர்த்தி அஞ்சலில் அனுப்பி மருந்தளவு பார்க்கும் முறை ஐரோப்பாவில் சில மையங்களில் உள்ளது. இந்தியச் சிற்றூர்களில் உள்ளூர் ஆய்வகத்தில் எடுத்த இரத்தம் டாக்ரோலிமஸ் சோதனைக்காகப் பெருநகருக்குப் பயணம் போகிறது. ஆய்வகம் மாறினால் அளவும் சற்று மாறக்கூடும் என்பதால், ஒரே ஆய்வகத்தையே நாடுமாறு செவிலியர் வற்புறுத்துவதுண்டு.

இன்னொரு சிக்கல் கருவியைச் சார்ந்ததன்று. 2020 நெறிமுறைகளின்படி, 16 வயது அல்லது அதற்குக் குறைந்தவர் தொலைமருத்துவ ஆலோசனை பெறும்போது அடையாளம் உறுதி செய்யப்பட்ட பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். குழந்தையின் பாதுகாப்புக்காக வைக்கப்பட்ட இந்த விதியில் நியாயம் இருக்கிறது. ஆனால் லாஸ் ஏஞ்சலஸ் முதல் ஆக்ஸ்ஃபோர்டு வரை கற்ற பாடம், பதின்வயதுப் பிள்ளை பெற்றோர் முன்னிலையில் உண்மையைச் சொல்லத் தயங்கும் என்பது. மருத்துவமனையில் செவிலியர், 'அம்மா, நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள்' என்று சொல்ல முடியும். வீட்டிலோ கைபேசியைப் பிடித்திருப்பதே அம்மாவின் கை. 'மாத்திரை விடாமல் சாப்பிடுகிறாயா?' என்ற கேள்விக்கு அம்மாவே பதில் சொல்கிறார். பிள்ளை திரையின் ஓரத்தில் தலையாட்டுகிறது.